நெஞ்சுல வச்சா எல்லாம் லப்டப்பாவே கேக்குதா? பாம்பன் பாலத்துக்குக் கீழ ஒருதடவ பாரு

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான்: "மொத வருஷம் பிசியாலஜில கார்டியாக் சைக்கிள் படத்தைக் கண்ணை மூடிட்டு வரைவேன் சார், இப்ப வார்டுக்கு வந்து நோயாளி நெஞ்சுல ஸ்டெத் வச்சா எல்லாமே லப்டப்பாதான் கேக்குது, எது சிஸ்டாலிக் (இதயம் சுருங்குறப்ப வர்றது) எது டயஸ்டாலிக் (தளர்றப்ப வர்றது)னு பிரிக்கவே தெரியல. மைட்ரல் ஸ்டெனோசிஸ்ல (மைட்ரல் வால்வு சுருங்குற வியாதி) எஸ்1 (மொத சத்தம், அந்த லப்) ஏன் சத்தமா இருக்குன்னு கேட்டாங்க, முழிச்சேன். இத்தனை வால்வு, இத்தனை மர்மர் (லப்டப்புக்கு நடுவுல வர்ற இரைச்சல்), எப்படி ஞாபகம் வச்சுக்குறது?"

ஞாபகம் வச்சுக்காத தம்பி. அதான் மொத பதில். நானும் உன் வயசுல ஒரு நீளமான டேபிள் போட்டு ஹாஸ்டல் செவுத்துல ஒட்டி வச்சிருந்தேன், வால்வு, மர்மர், எங்க கேக்கும், எங்க பரவும்னு, பரீட்சை முடிஞ்ச ரெண்டாம் நாள் எல்லாம் போச்சு. டேபிள் தேவையே இல்ல. ரெண்டே கேள்வி போதும்: இந்த நொடில எந்தக் கதவு தொறந்திருக்கணும், எந்தப் பக்கம் பிரஷர் அதிகம்? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா பாதி கார்டியாலஜி தானா வந்துரும், மீதிப் பாதிக்கு எக்கோ ஸ்கேன் இருக்கு.

நீ நம்ம பக்கத்துப் பையன்னு சொன்னதால சொல்றேன், பாம்பன் ரோட்டுப் பாலத்துல பஸ் போறப்ப கீழ எட்டிப் பாத்திருப்ப. அங்கிட்டு வடக்க பாக் விரிகுடா, இங்கிட்டு தெக்க மன்னார் வளைகுடா, நடுவுல கல்லும் பாறையுமா ஒரு குறுகலான வழி. தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு கேட்டா நம்ம ஆளுக பட்டுனு சொல்லுவாக, கச்சான் (தென்மேற்குக் காத்து) காலத்துல தெக்கேர்ந்து வடக்க, வாடைக் காலத்துல வடக்கேர்ந்து தெக்க. எந்தப் பக்கம் மட்டம் கொஞ்சம் ஒசந்திருக்கோ அங்கேர்ந்து தாழ்ந்த பக்கம் போகும், அவ்ளோதான், தண்ணிக்குன்னு தனி விருப்பம் கெடையாது. ரத்தமும் அப்படித்தான். அதே தண்ணி நடுக்கடல்ல சத்தமே இல்லாம போகுது, பாலத்துக்கு அடில தூணுக்கு நடுவுல நுழையுறப்ப மட்டும் சுழிச்சு நுரைச்சு சலசலன்னு கத்துது பாரு, அதான் மர்மர். குறுகலான இடம், ரெண்டு பக்கமும் மட்ட வித்தியாசம், வேகம், சுழிப்பு, சத்தம்.

ஆனா ஒன்னு, வால்வை பாம்பன் ரயில் பாலம் மாதிரி நெனைச்சுராத. நெறைய பேர் அப்படித்தான் நெனைக்கிறான். 1914-ல தொறந்த பழைய பாலத்துல கப்பல் வந்தா ஆளுங்க நின்னு கையால சுத்தி ரெண்டு பக்கமும் தூக்கணும், 2025-ல தொறந்த புதுப் பாலத்துல மோட்டார் தூக்குது. வால்வுக்கு ஆளும் கெடையாது மோட்டாரும் கெடையாது. வென்ட்ரிக்கிள் (கீழ் அறை) செவுத்துல இருக்குற பாப்பில்லரி தசைதான் வால்வைத் தொறக்குது மூடுதுன்னு எழுதுனா மார்க் போயிரும், அது மைட்ரல் இலை (வால்வோட கதவு) ஏட்ரியத்துக்குள்ள (மேல் அறை) புரண்டு போகாம கயிறு புடிச்சு நிக்குது, அவ்ளோதான் அதோட வேலை. தொறக்குறதும் மூடுறதும் முழுக்க பிரஷர் வித்தியாசம்.

இப்ப சைக்கிளுக்கு வா. நிமிஷத்துக்கு 75 துடிப்புன்னா ஒரு சுத்துக்கு 0.8 செகண்ட், அதுல சிஸ்டோல் 0.27, டயஸ்டோல் 0.53. இடது பக்கத்தை மட்டும் பாப்போம்: மேல ஏட்ரியம், கீழ வென்ட்ரிக்கிள், நடுவுல மைட்ரல் வால்வு, வென்ட்ரிக்கிள்லேர்ந்து அயோர்ட்டாவுக்கு (பெரிய தமனி) போற வாசல்ல அயோர்ட்டிக் வால்வு. வலது பக்கமும் அதே கதைதான், பிரஷர் மட்டும் கம்மி (வலது வென்ட்ரிக்கிள் 25 வரைக்கும்தான் ஏறும், இடது 120, எல்லாம் மிமீ பாதரசக் கணக்கு). டயஸ்டோல் கடைசில இடது ஏட்ரியம் ஒரு தடவ சுருங்கி மிச்சத்தைத் தள்ளி விடுது, ஓய்வா இருக்குறப்ப நெரப்புறதுல இதோட பங்கு 20-30 சதவீதம் வரும். வென்ட்ரிக்கிள்ல சுமார் 120 மில்லி நெறைஞ்சிருக்கு, பிரஷர் 8, 10-தான். இப்ப வென்ட்ரிக்கிள் சுருங்க ஆரம்பிக்குது, பிரஷர் ஏட்ரியத்தைத் தாண்டுன அந்த நொடியே மைட்ரல் சாத்திக்கும். அதான் எஸ்1. ஆனா அயோர்ட்டால பிரஷர் 80 இருக்கு, அந்தக் கதவு இன்னும் தொறக்கல. ஆக ரெண்டு கதவும் சாத்தியிருக்கு, உள்ள ரத்தம் அப்படியே நிக்குது, பிரஷர் மட்டும் 10-லேர்ந்து 80-க்கு விறுவிறுன்னு ஏறுது, சுமார் 0.05 செகண்ட். 80-ஐத் தாண்டுன உடனே அயோர்ட்டிக் தொறக்குது, 70 மில்லி வெளிய போகுது. அப்புறம் வென்ட்ரிக்கிள் தளருது, அயோர்ட்டா பிரஷருக்குக் கீழ வந்ததும் அயோர்ட்டிக் சாத்திக்கும், அது எஸ்2. இப்பவும் மைட்ரல் தொறக்காது, ஏன்னா வென்ட்ரிக்கிள் பிரஷர் இன்னும் ஏட்ரியத்தை விட எவ்வளவோ மேல இருக்கு, அங்கேர்ந்து ஏட்ரியம் மட்டத்துக்கு எறங்கி வரணும், 0.08 செகண்ட் போல ஆகும், இங்கயும் ரெண்டு கதவும் சாத்திதான் இருக்கு. ஏட்ரியத்துக்குக் கீழ வந்ததும் மைட்ரல் தொறந்து, ரத்தம் மடமடன்னு எறங்கும்.

இந்த ரெண்டு குட்டி இடைவெளி இருக்கே, ரெண்டு கதவும் சாத்தியிருக்குற நேரம், படம் வரையுறப்ப எல்லாரும் ஒரு கோடு போட்டுட்டுப் போயிருவான், ஆனா மர்மர் புரியுற சாவியே அதுலதான் இருக்கு.

எப்படின்னு பாரு. அயோர்ட்டிக் ஸ்டெனோசிஸ், வால்வு சுருங்கியிருக்கு, சத்தம் எப்ப ஆரம்பிக்கும்? ரத்தம் அது வழியா போனாதான் சத்தம், அது தொறக்கறதுக்கே பிரஷர் 80-ஐத் தாண்டணும், அதனால எஸ்1-க்கு அப்புறம் ஒரு சின்ன இடைவெளி விட்டுதான் மர்மர் ஆரம்பிக்கும், நடுவுல ஏறி எறங்கி எஸ்2-க்கு முன்னாடி முடிஞ்சிரும். மைட்ரல் ஒழுகுனா? வென்ட்ரிக்கிள் பிரஷர் ஏட்ரியத்தைத் தாண்டுன அதே நொடிலேர்ந்து பின்னாடி பீச்ச ஆரம்பிச்சிரும், 80 வரைக்கும் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்ல. அதனால எஸ்1-ஓட ஒட்டிக்கிட்டே ஆரம்பிக்கும். எஸ்2 வந்தப்புறமும் வென்ட்ரிக்கிள் பிரஷர் ஏட்ரியத்தை விட மேலதான, அதனால எஸ்2-ஐயும் மூழ்கடிச்சிட்டுப் போகும், பான்சிஸ்டாலிக்ங்கிறது இதத்தான். அதே கணக்கை டயஸ்டோலுக்குப் போடு. அயோர்ட்டிக் ஒழுகுனா எஸ்2-ஓட ஒட்டி ஆரம்பிக்கும், அயோர்ட்டால பிரஷர் ஒசரத்துல இருக்கு, வென்ட்ரிக்கிள் கீழ விழுந்துக்கிட்டிருக்கு, மொதல்ல பெருசா ஆரம்பிச்சுத் தேஞ்சுக்கிட்டே போகும். மைட்ரல் சுருங்குனா? வென்ட்ரிக்கிள் பிரஷர் ஏட்ரியம் மட்டத்துக்கு எறங்குற வரைக்கும் காத்திருக்கணும், இடைவெளி விட்டு ஆரம்பிக்கும்.

ஒழுகல்னா சத்தத்தோட ஒட்டி, சுருக்கம்னா இடைவெளி விட்டு. என் டேபிள் மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

விதிவிலக்கு உண்டு, அதையும் இதே கணக்குல போட்டுரலாம். கார்டே (இலையைப் புடிக்கிற அந்தக் கயிறு) திடீர்னு அறுந்து வர்ற அக்யூட் எம்ஆர்ல (மைட்ரல் ஒழுகல்) ஏட்ரியம் சின்னது, வெளைஞ்சு குடுக்காது, பீச்சுன ரத்தத்துல அதோட பிரஷர் குபீர்னு ஏறி வென்ட்ரிக்கிளுக்குச் சமமா வந்துரும், மட்டம் சமமாச்சுன்னா நீரோட்டம் நின்னுரும், மர்மர் எஸ்2-க்கு முன்னாடியே முடிஞ்சு போகும். அக்யூட் ஏஆர்லயும் (அயோர்ட்டிக் ஒழுகல்) அதே கூத்துதான், ஆளு செத்துக்கிட்டு இருப்பாரு, மர்மர் சின்னதா மெதுவா கேக்கும், நீ "லேசானதுதான்"னு எழுதிட்டுப் போயிருவ. சத்தத்தை வச்சு வியாதியோட அளவை எடை போடாத. பிடிஏல (பொறந்தப்புறமும் மூடாம அயோர்ட்டாவையும் நுரையீரலுக்குப் போற பல்மனரி தமனியையும் சேக்குற குழாய்) அயோர்ட்டா பிரஷர் எந்நேரமும் பல்மனரியை விட மேல, அதனால சத்தம் நிக்கவே நிக்காது, தொடர் மர்மர்.

சரி, வார்டுல எஸ்1 எது எஸ்2 எதுன்னு எப்படிப் பிரிக்கிறது. நீளத்தை வச்சுப் பிரிக்காத. 75-ல டயஸ்டோல் நீளம், தெரியும், ஆனா நோயாளிக்கு 75-ஆ இருக்கும்? மூச்சு வாங்கிட்டு வந்து உக்காந்திருக்குறவருக்கு 110, 120 இருக்கும், அப்ப ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளமாயிரும். காதுல ஸ்டெத், ரெண்டு விரல் கழுத்துல கரோட்டிட் தமனி மேல. விரல்ல தட்டுறதுக்குச் சட்டுனு முந்தி வர்ற சத்தம் எஸ்1. மணிக்கட்டு பல்ஸ் வேணாம், அது வந்து சேர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாகும், ஏமாந்துருவ. இந்த விரலை வைக்காம கேக்குற பையன் எவனையும் நான் நம்புறதில்ல. நான் 15 வருஷம் கழிச்சும் இன்னைக்கும் வச்சுதான் கேக்குறேன்.

அப்புறம் ஒரே நேரத்துல எல்லாத்தையும் கேக்க முயற்சி பண்ணாத. மொத பத்துத் துடிப்பு எஸ்1 மட்டும். அடுத்த பத்து எஸ்2 மட்டும், மூச்சை இழுக்குறப்ப ரெண்டா பிரியுதான்னு பாரு (இழுக்குறப்ப வலது பக்கத்துக்கு ரத்தம் ஜாஸ்தி வரும், நுரையீரல் ரத்தக்குழாயும் விரிஞ்சு குடுக்கும், பல்மனரி வால்வு மூடுறது லேட்டாகும், இழுத்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி பிரிஞ்சே இருந்தா ஏஎஸ்டி, அதாவது ரெண்டு ஏட்ரியத்துக்கு நடுச் செவுத்துல ஓட்டை; விடுறப்ப பிரிஞ்சு இழுக்குறப்ப சேந்தா எல்பிபிபி, அதாவது இடது பக்க மின் பாதைல அடைப்பு, இல்ல கடுமையான ஏஎஸ், அதாவது அயோர்ட்டிக் ஸ்டெனோசிஸ்). அடுத்து சிஸ்டோல் இடைவெளி மட்டும். அடுத்து டயஸ்டோல் இடைவெளி மட்டும். சந்தைல பத்துப் பேர் பேசுறப்ப நம்ம வீட்டாளு கொரலை மட்டும் புடிக்கிற மாதிரிதான்.

இப்ப அந்த எஸ்1 கேள்வி. நம்ம கடற்கரை வீட்டுல கச்சான் அடிக்கிறப்ப கதவைக் கவனிச்சிருக்கியா? முக்கால்வாசி சாத்துன கதவு காத்துல லேசா "டொக்"னு மூடும். முழுசா தொறந்து கெடக்குற கதவு அதே காத்துக்கு வீடே அதிர்ற மாதிரி "படார்"னு அறையும். எஸ்1 சத்தம் கதவு எங்கேர்ந்து கெளம்புதுங்கிறதைப் பொறுத்தது. நல்ல இதயத்துல டயஸ்டோல் முடியுறப்ப ஏட்ரியம், வென்ட்ரிக்கிள் பிரஷர் கிட்டத்தட்ட சமம், இலைகள் மெதக்குற மாதிரி கொஞ்சம் கிட்ட வந்துரும், அங்கேர்ந்து சாத்துனா மிதமான சத்தம். ஸ்டெனோசிஸ்ல கடைசி நொடி வரைக்கும் ஏட்ரியம் பிரஷர் ஒசரமா இருந்து இலையைக் கீழ அமுக்கிப் புடிச்சிட்டே இருக்கும், கதவு முழுசா தள்ளியே கெடக்கு, வென்ட்ரிக்கிள் சுருங்குனதும் அங்கேர்ந்து படார். ஈசிஜில பிஆர் இடைவெளி (ஏட்ரியத்துக்கும் வென்ட்ரிக்கிளுக்கும் மின் துடிப்பு வர்றதுக்கு நடுவுல உள்ள நேரம்) குட்டையா இருந்தாலும் எஸ்1 லவுடா கேக்குறதும், நீளமா இருந்தா மெதுவா கேக்குறதும் இதே கதவுதான், யோசிச்சுப் பாரு. ஆனா இலை கால்சியம் புடிச்சு ஓடு மாதிரி இறுகிட்டா அசையவே அசையாது, லவுடு எஸ்1 போயிரும். அதனால லவுடு எஸ்1 கேட்டா இலை இன்னும் வளையுதுன்னு ஒரு நல்ல சேதியும் அதுக்குள்ள இருக்கு, பலூன் விட்டு வால்வை விரிக்க வாய்ப்பிருக்குன்னு அர்த்தம்.

ஓப்பனிங் ஸ்னாப்பும் (மைட்ரல் தொறக்குறப்ப வர்ற டக்) இதே வீட்டுக் கதைதான், ஆனா அதுக்குக் கதவை விட பாய் பொருத்தம். பாய் கட்டுன வத்தை (சின்னப் படகு) பாத்திருப்ப இல்ல, தொளதொளன்னு கெடக்குற பாய்ல காத்து ஏறுறப்ப ஒரு "டப்" கேக்குமே. பாயோட ஓரமெல்லாம் கட்டியிருக்கு, நடு வயிறு மட்டும் உப்புது, இதுக்கு மேல போக முடியாதுன்னு கயிறு இழுத்து நிறுத்துற நொடில சத்தம். ருமாட்டிக் காய்ச்சல் கெடுத்த மைட்ரல்ல இலை நுனி ரெண்டும் ஒட்டிக்கிடுச்சு, வயிறு மட்டும் நல்லா இருக்கு, தொறக்குறப்ப அது உப்பி டக்குனு நிக்குது. நல்ல வால்வு தொறக்குறப்ப சத்தமே வராது, சாத்துறப்பதான் வரும், தொறக்குறப்ப சத்தம் வந்தா அங்க ஏதோ கோளாறு.

இப்ப பரீட்சைல கண்டிப்பா கேக்குறது: எஸ்2-க்கும் ஸ்னாப்புக்கும் நடுவுல உள்ள இடைவெளி குறைஞ்சா நோய் கடுமை, ஏன்? எஸ்2-ல வென்ட்ரிக்கிள் பிரஷர் ஒசரத்துலேர்ந்து எறங்க ஆரம்பிக்குது, மாடிப்படி எறங்குற மாதிரி. ஏட்ரியம் பிரஷர் 10-ல இருந்தா கடைசிப் படி வரைக்கும் எறங்கணும், நேரமாகும். ஏட்ரியம் 25-ல இருந்தா நடுப்படிலயே சந்திச்சிரும், கதவு சீக்கிரம் தொறந்துரும். 0.12 செகண்ட் இடைவெளின்னா லேசு, 0.06-ன்னா கடுமை. காதால 0.06 அளக்க முடியுமான்னு கேக்காத, வாயால "ல-டட்டா"ன்னு வேகமா சொல்லிப் பாரு, பழகிரும். மர்மர் எவ்வளவு நீளம்ங்கிறதும் கடுமையைச் சொல்லும், எவ்வளவு சத்தம்ங்கிறது சொல்லாது.

இதுல ஒரு ஆளை நான் கோட்டை விட்ட கதையைச் சொல்லணும். ஹவுஸ் சர்ஜன் முடிச்ச புதுசு, கடலோர ஆஸ்பத்திரி ஒன்னுல நைட் டூட்டி. மண்டபம் பக்கத்துல பாசி எடுக்கப் போற ஒரு பொண்ணு, 25 வயசு இருக்கும், ஆறு மாசக் கர்ப்பம். இடுப்பளவு தண்ணில எறங்கி குனிஞ்சு குனிஞ்சு மரிக்கொழுந்து பாசி புடுங்குற வேலை, அது எவ்ளோ கஷ்டம்னு பாத்தவங்களுக்குத் தெரியும். "கடல்ல எறங்குனா மூச்சு நிக்க மாட்டேங்குது டாக்டரு, ராத்திரி படுத்தா இருமலு, எந்திரிச்சு உக்காந்தாதான் ஆகுது"ன்னுச்சு. கூட வந்த மாமியார், "சின்னப் புள்ளைலேர்ந்தே எளப்பு உண்டுங்க"ன்னாக. நெஞ்சுல வச்சேன், வீசிங் கேட்டுச்சு, ஆஸ்துமான்னு முடிவு பண்ணி நெபுலைசர் போட்டு விட்டேன். தலைக்கு மேல ஃபேன் கடகடன்னு ஓடுது, வெளில ஜெனரேட்டர். விடியக்காலம் நுரை நுரையா துப்ப ஆரம்பிச்சிருச்சு.

ஓடி வந்த சீனியர் மொதல்ல செஞ்சது ஃபேனை நிறுத்தச் சொன்னதுதான். ஆக்சிஜனை மாட்டி, ஃப்ரூஸ்மைடு ஊசி (உடம்புத் தண்ணியை மூத்திரமா வெளியேத்துறது) போட்டு, கொஞ்சம் மூச்சு அடங்குனதும் இடது பக்கமா சாச்சுப் படுக்க வச்சு, ஸ்டெத்தோட பெல் பக்கத்தை (குழிவான பக்கம்) இதய நுனில லேசா, தோல் மேல வச்சும் வைக்காத மாதிரி வச்சு, என் காதுல மாட்டி விட்டாரு. தூரத்துல விசைப்படகு வர்ற மாதிரி ஒரு அடித்தொண்டை உருமல், எஸ்1-க்கு முந்தி கொஞ்சம் ஏறி, படார்னு எஸ்1. அதுக்கப்புறம் வாழ்க்கைல எனக்கு எம்எஸ் (மைட்ரல் ஸ்டெனோசிஸ்) மறக்கல. பெல்லை அழுத்தி வச்சா தோல் இறுகி அதுவே டயாஃப்ரம் (ஸ்டெத்தோட தட்டையான பக்கம்) மாதிரி ஆயிரும், கனத்த தாழ்ந்த சத்தம் செத்துரும், ஃபேன் ஓடுனாலும் செத்துரும். எம்எஸ் கேக்கணும்னா ஃபேனை நிறுத்து, சாச்சுப் படுக்க வை, பெல்லை லேசா வை. கேக்கலைன்னா, நோயாளி தாங்குவாருன்னா மட்டும், அஞ்சாறு தடவ எந்திரிச்சு உக்காரச் சொல்லிட்டு திரும்பக் கேளு.

ஏன் கர்ப்பத்துல மாட்டுனிச்சு? அதுவரைக்கும் அந்தப் பொண்ணு எப்படியோ சமாளிச்சிட்டுதான் இருந்திருக்கு. நல்ல மைட்ரல் வாய் 4-6 சதுர சென்டிமீட்டர், 1.5-ம் அதுக்குக் கீழயும் கடுமை. சுருங்குன வாய் வழியா நீரோட்டம் ரெண்டு மடங்கானா பிரஷர் வித்தியாசம் நாலு மடங்காகும், வர்க்கக் கணக்கு. கர்ப்பத்துல இதயம் தள்ளுற ரத்தம் 30-50 சதவீதம் கூடும், 40-ன்னே வச்சுக்க, 1.4-ஐ 1.4-ஆல பெருக்கு, கிட்டத்தட்ட ரெண்டு, வித்தியாசம் ரெட்டிப்பாயிருச்சு. அதுக்கு மேல துடிப்பும் கூடும். துடிப்பு கூடுனா குறையுறது டயஸ்டோல்தான், சிஸ்டோல் அவ்ளோ குறையாது: 75-ல நிமிஷத்துக்கு மொத்தம் சுமார் 40 செகண்ட் நெரப்புற நேரம் கெடைக்குது, 200-ல 28 செகண்ட்தான். சின்ன வாய், ஜாஸ்தி ரத்தம், கொஞ்ச நேரம். ஏட்ரியம் பிரஷர் ஏறும், நுரையீரல் தந்துகில 25-ஐத் தாண்டுனா பிளாஸ்மா புரதம் இழுத்துப் புடிக்க முடியாம தண்ணி காத்துப் பைக்குள்ள கசியும். நான் கேட்ட வீசிங் அதுதான். அதான் எம்எஸ்ல பீட்டா பிளாக்கர் குடுத்துத் துடிப்பைக் குறைக்கிறது, நெபுலைசர்ல சால்புடமால் போட்டுத் துடிப்பை ஏத்துன நான் செஞ்சது நேர் எதிர். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஏட்ரியம் ஒழுங்கா சுருங்காம நடுங்குறது) வந்தாலும் இதே கதிதான், துடிப்பு எகிறும், ஏட்ரியம் தள்ளுற கடைசித் தள்ளும் போயிரும், எஸ்1-க்கு முந்தி ஏறுற அந்த உருமலும் காணாமப் போகும். பிரசவம் முடிஞ்ச உடனேயும் கவனமா இருக்கணும், சுருங்குற கர்ப்பப்பைலேர்ந்து ரத்தம் ஒரேயடியா இதயத்துக்குத் திரும்பும், புள்ள பொறந்துருச்சு இனி பயமில்லன்னு இருக்குறப்ப மூச்சு முட்டும்.

இதெல்லாம் எங்கேர்ந்து ஆரம்பிச்சது? சின்ன வயசுல வந்த ஒரு தொண்டை வலி. குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைல வந்துட்டுப் போகும், ரெண்டு மூணு வாரம் கழிச்சு மூட்டு மூட்டா வீங்கும், ஒரு மூட்டு சரியாகி அடுத்த மூட்டுக்குத் தாவும், வீட்டுல "வளர்ற வலி"ன்னு எண்ணெய் தேச்சு விட்டுருவாக. ருமாட்டிக் காய்ச்சல் மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும்னு மருத்துவத்துல ஒரு பழைய பேச்சு உண்டு. நம்ம பக்கம் மூச்சு வாங்குற கர்ப்பிணி யாரு வந்தாலும் சின்ன வயசுல மூட்டு வீங்குச்சான்னு கேளு. கண்டுபுடிச்சா பென்சத்தின் பென்சிலின் 12 லட்சம் யூனிட், 21 நாளுக்கு ஒருக்க, வருஷக்கணக்கா. வலிக்கிற ஊசி, நாலாவது ஊசிக்கு ஆள் வரமாட்டாக, காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து வால்வைத் திங்கும்.

மத்த வால்வு வேகமா போயிருவோம், கணக்கு உனக்குப் புரிஞ்சிருச்சு. ஏஎஸ், வயசானவங்கன்னா கால்சியம், நடுத்தர வயசுன்னா பொறவிலேயே ரெண்டு இலையா இருந்த வால்வு. நல்ல வாய் 3-4 சதுர சென்டிமீட்டர், 1-க்குக் கீழ போனா கடுமை. மர்மரோட உச்சி எவ்ளோ லேட்டா வருதோ அவ்ளோ மோசம், ஏ2 (எஸ்2-ல அயோர்ட்டிக் மூடுற சத்தம்) மங்கிப் போகும், கரோட்டிட் மெதுவா சோம்பலா ஏறும், நீ ஏற்கனவே கைய அங்க வச்சிருக்க, அப்பவே புடிச்சிரலாம். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சு வாங்கல், இந்த மூணுல ஒன்னு வந்துட்டா நாள் தள்ளக்கூடாது, வால்வை மாத்தணும். ஏஆர்க்கு முன்னாடி குனிஞ்சு உக்காரச் சொல்லி, மூச்சை முழுசா விட்டு நிறுத்தச் சொல்லி, டயாஃப்ரத்தை அழுத்தி நெஞ்செலும்பு இடது ஓரம் மூணாவது இடைவெளில வை, மூச்சு விடுற சத்தம் மாதிரியே இருக்கும், அதனாலதான் மூச்சை நிறுத்தச் சொல்றது. நகத்துல துடிக்குது, தலை ஆடுதுன்னு ஒரு டஜன் பேர் வச்சிருக்கான், எல்லாம் பிரஷர் 160/40-ன்னு இருக்குறதோட விதவிதமான வேஷம்தான், பிபி எடுத்துப் பாத்தாலே போதும், பேரெல்லாம் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு).

எஸ்3, எஸ்4 குழப்பம் எல்லாருக்கும் இருக்கு. எஸ்3 மைட்ரல் தொறந்து ரத்தம் மடமடன்னு கொட்டுற நேரத்துல வரும், சின்னப் பசங்களுக்கு இருந்தா பரவால்ல, 50 வயசுக்காரருக்கு இருந்தா வென்ட்ரிக்கிள் தொய்ஞ்சிருக்குன்னு சந்தேகப்படு. எஸ்4 ஏட்ரியம் சுருங்குறப்ப, விறைச்ச வென்ட்ரிக்கிள் மேல மோதுறது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ல வரவே வராது, ஏட்ரியம் சுருங்கவே இல்லையே. சுத்தமான எம்எஸ்ல இடது எஸ்3 ஏன் இருக்காதுன்னு வைவால கேப்பாங்க, இப்ப நீயே சொல்லிரலாம்: வாயே சின்னது, மடமடன்னு எங்க கொட்டுறது.

எந்திரிச்சு நிக்கிறது, முக்குறது, இதயத்துக்கு வர்ற ரத்தத்தைக் குறைக்கும், பெரும்பாலான மர்மர் அடங்கும். ரெண்டு மட்டும் எதிரா போகும், எச்ஓசிஎம்ல (இதயத் தசை தடிச்சு ரத்தம் வெளிய போற வழியை அடைக்கிற வியாதி) சத்தம் கூடும், மைட்ரல் புரொலாப்ஸ்ல (இலை ஏட்ரியத்துக்குள்ள பிதுங்குறது) கிளிக் முந்தி வரும், மர்மர் நீளும், ரெண்டுலயும் வென்ட்ரிக்கிள் சின்னதானா கோளாறு ஜாஸ்தி. குத்தவச்சு உக்காந்தா நேர் எதிர். வலது பக்க மர்மர் மூச்சை இழுத்தா கூடும். கையை இறுக்கிப் புடிக்கச் சொன்னா எம்ஆர், ஏஆர் கூடும். போதும் இவ்ளோ.

அந்தப் பொண்ணு பொழைச்சிருச்சு. மதுரைக்கு அனுப்பி, அங்க கர்ப்பத்தோடயே தொடைல இருக்குற சிரை (வெயின்) வழியா இனோவே பலூன் போட்டு ஒட்டியிருந்த இலை நுனியைப் பிரிச்சு விட்டாங்க, வயித்துக்கு ஈயக் கவசம் போட்டு. பிரசவம் முடிஞ்சு மூணு மாசத்துல புள்ளையத் தூக்கிட்டு பென்சிலின் ஊசிக்கு எங்கிட்ட வந்துச்சு. நான் ஃபேனை நிறுத்திட்டு, சாச்சுப் படுக்க வச்சு, பெல்லை லேசா வச்சுக் கேட்டேன். உருமல் ரொம்ப குட்டையாயிருச்சு. ஸ்னாப் இன்னும் இருந்துச்சு, ஆனா எஸ்2-லேர்ந்து நல்லா தள்ளிப் போயிருந்துச்சு. கூடவே இதய நுனில, எஸ்1-ஓட ஒட்டிக்கிட்டே, முன்னாடி இல்லாத ஒரு மெல்லிசான ஊதல்.

அது என்ன, பலூனுக்கு அப்புறம் ஏன் வந்துச்சுன்னு நீயே எழுதி அனுப்பு தம்பி, ஒட்டி ஆரம்பிச்சுதுன்னு சொல்லிட்டேன்ல.